திட்டக்குடிக்கு மேற்கே ஒரு மீசான் கல் தேடி

இது சுற்றுலா அல்ல. இதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பிப் போய், அங்கே ஒரு டீக்கடைகூட இல்லையே என்று எனக்குத் திட்டி எழுதாதீர்கள். சென்ற செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, இறந்துபோன என் அக்கா ஜெய்புனுக்குக் கல் எடுத்துவரப் போனேன். கூட வந்தவர் அவளுடைய கணவர், என் மச்சான் காதர். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். அக்காவை அடக்கம் செய்த நாளிலிருந்து பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்.

எங்கள் வழக்கத்தில் அடக்கம் செய்த இடத்தின் தலைமாட்டில் ஒரு கல்லும் கால்மாட்டில் ஒரு கல்லும் நடுவோம். மீசான் கல் என்று பெயர். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அந்தக் கற்கள்தாம் சாட்சி. அக்காவை அடக்கிய மையவாடி சிதம்பரத்துக்கு வெளியே தாழ்வான வண்டல் நிலத்தில் இருக்கிறது. ஐப்பசி மழையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். வடிந்த பிறகு மேடு எது, பள்ளம் எது என்று தெரியாது. கல் நடாத கபர் இரண்டு மழைக்கு மேல் தாங்குவதில்லை. பிறகு அதே இடத்தில் இன்னொருவருக்குக் குழி வெட்டுவார்கள். இதில் யார்மீதும் குற்றமில்லை, இடம் அவ்வளவுதான். மழைக்கு முன்னால் கல் நட்டாக வேண்டும் என்பதில் எனக்கும் மச்சானுக்கும் சண்டை இல்லை. எந்தக் கல் என்பதில்தான் சண்டை.

மச்சான் கடையில் ஒரு கறுப்புக் கல்லுக்குச் சொல்லிவைத்திருந்தார். அறுத்து, மெருகேற்றி, பெயர் பொறித்தது. அவர் பக்கத்து நியாயத்தையும் எழுதிவிடுகிறேன். மகன் மலேசியாவில் இருக்கிறான், அடக்கத்துக்கு வர முடியவில்லை. என்றாவது வருவான், அவன் பிள்ளைகள் வருவார்கள். பெயர் இல்லாத கல்லைப் பார்த்து யாருக்கென்று கையேந்தி துஆ கேட்பார்கள்?

என் பக்கத்து நியாயம் இது. நான் ஓமானில் நிலத்தில் துளைபோடும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். பூமிக்குள்ளிருந்து உருளை உருளையாக வெளியே வரும் கல்லை வரிசை மாறாமல் மரப்பெட்டிகளில் அடுக்குவது என் வேலை. படிப்பு எட்டாம் வகுப்பு. அங்கே படித்தவர்கள் வீசிவிட்டுப் போன புத்தகங்களை அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். ஊர் திரும்பிய பிறகு, நம் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் உருமாறிய எரிமலைக் கல் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று இரண்டு கல்லூரிகளில் போய்ச் சொன்னேன். ஓரிடத்தில் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். இன்னோரிடத்தில் அதுவும் இல்லை.

நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டவள் அக்கா ஒருத்திதான். அந்தக் கல்லில் கையளவு துண்டு ஒன்றை அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருநூற்று ஐம்பது கோடி வருடத்துக் கல் என்றேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எத்தன கோடியோ, கனமா இருக்குது. இஞ்சி நசுக்க நல்லாருக்கும்" என்றாள். இறக்கும்வரை அதில்தான் இஞ்சி நசுக்கினாள். அவள் கபருக்கு அந்தக் கல்தான் என்று நான் முடிவு செய்ததற்கு இதற்குமேல் காரணம் தேவையில்லை.

காலை ஐந்தரைக்கு என் வீடு இருக்கும் செம்மண்டலத்தில் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். கடலூர் பேருந்து நிலையத்திலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்து, முப்பத்தெட்டு ரூபாய், சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். சன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை நிலத்தில் தானாகக் கிடக்கும் கல் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. ஆற்றுவண்டல், கடல்மணல், களிமண். ரோடு போடும் ஜல்லியிலிருந்து கோயில் மதில்வரை எல்லாக் கல்லும் மேற்கேயிருந்து வண்டியில் வந்ததுதான். கடலூரில் கேப்பர் மலை இருக்கிறதே என்பார்கள். அது செம்மண்ணும் மணற்கல்லும். பல இடங்களில் நகத்தால் சுரண்டினாலே உதிரும். பிறந்ததிலிருந்து கல்லே பார்க்காத ஜனம் நாங்கள். அதனால்தான் கறுப்பாக எதைக் காட்டினாலும் கருங்கல் என்கிறோம், கடைக்காரர் கிரானைட் என்றால் தலையாட்டுகிறோம்.

சிதம்பரத்தில் மச்சான் வீட்டு வாசலில் குட்டியானை நின்றது. சின்ன சரக்கு வண்டியைத்தான் சொல்கிறேன், யானை என்று யாரும் தேட வேண்டாம். நாள் வாடகை நாலாயிரத்து ஐந்நூறு, டீசல் உட்பட. ஓட்டுநர் செல்வமணிக்கு ஊர் கீரப்பாளையம், வயது நாற்பது இருக்கும். வாடகையைப் பேசி முடித்தது நான். "நானும் வருவேன்னு அவுங்ககிட்ட சொல்லு" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தவர் மச்சான். ஏன் வருகிறார் என்று நானும் கேட்கவில்லை. முன்னிருக்கை இரண்டு பேருக்கானது. சன்னல் பக்கத்தை அவர் பிடித்துக்கொண்டார். எழுபத்தொரு வயதில் கியர் கம்பிக்கும் பேசாத மச்சானுக்கும் நடுவில் எண்பத்தொன்பது கிலோமீட்டர் போயிருக்கிறேன். முழங்கால் வலி இன்னும் தீரவில்லை.

கீரப்பாளையம் தாண்டும்போது இரண்டு பக்கமும் சம்பா நாற்று விட்டிருந்தார்கள். மச்சான் வயலைப் பார்த்தபடி ஓட்டுநரிடம் பேச்சைத் தொடங்கினார்.

"செல்வமணி, கல்லு கடையில ரெடியாவுது. இவுங்க பிடிவாதத்துக்குத்தான் இப்ப மேக்க போறோம்."

நானும் ஓட்டுநரிடமே சொன்னேன். "செல்வமணி, அது அறுத்து மெருகு போட்ட கல்லு. எங்க பொறந்துச்சுன்னு விக்கிறவனுக்கே தெரியாது."

"எங்க பொறந்தா இன்னா? கல்லுக்குப் பொண்ணா குடுக்கப் போறோம்?"

செல்வமணி சிரித்துவிட்டார். "பாய், ரெண்டு பேரும் நேரா பேசிக்கங்க. நடுவுல என் காது ரெண்டும் பஞ்சாயத்து ஆபீஸ் ஆயிட்டுது."

நாங்கள் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. சேத்தியாத்தோப்பில் இட்லி சாப்பிட்டோம். ஒரே மேசையில் உட்கார்ந்தாலும் சாம்பார் வாளியைக்கூட அவரவரே எழுந்து போய் எடுத்துக்கொண்டோம். மூன்று பேருக்கு நூற்றெழுபது ரூபாய். பணத்தை நான் கொடுக்கும் முன் அவர் கொடுத்துவிட்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

சேத்தியாத்தோப்பைத் தாண்டியதும் கவனிக்கத் தொடங்குங்கள். விருத்தாசலம் நெருங்க நெருங்க வண்டலின் கறுப்பு போய் மண் சிவக்கும், முந்திரி தோப்புகள் வரும். கேப்பர் மலையில் பார்த்த அதே மணற்கல்தான் இங்கேயும் மண்ணுக்கடியில் இருக்கிறது. விருத்தாசலம் என்றால் பழமலை. ஊருக்குள் சுற்றிப் பார்த்தால் மலை எதுவும் கண்ணில் படாது. ஆனாலும் பெயர் வைத்தவர் தப்பான இடத்தில் வைக்கவில்லை. மாவட்டத்தில் பழையது தொடங்குவது அதன் மேற்கிலிருந்துதான். இடையில் ஒரு பட்டையில் டைனோசர் காலத்துக் கடலின் சுண்ணாம்புக்கல் சிப்பியும் கிளிஞ்சலுமாகக் கிடக்கிறது. அதையும் தாண்டினால் அடிக்கல். நம் மாவட்டத்தின் மற்ற மண்ணெல்லாம் அந்த அடிக்கல்லின்மேல் பிற்பாடு வந்து படிந்தவை.

இதை நான் செல்வமணிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பெண்ணாடம் வரும் முன் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை அணைத்தார். சத்தம் அடங்கியதும் மச்சான் முதல் முறையாக என் பக்கம் திரும்பினார்.

"இருநூத்தம்பது கோடின்னு சொல்றீங்களே மச்சான், அம்மாம் நாள் காத்துக் கெடந்த கல்லுக்கு வண்டி வச்சுப் போறீங்க. அன்னிக்கு நான் அடிச்ச போனை எடுக்க ஒங்களுக்கு நேரமில்ல."

"பஸ்ஸு எரைச்சல்ல கேக்கல. அரை மணி நேரம் நீங்க பொறுத்திருக்கலாம்."

"ஜமாஅத்துல அத்தன பேரு வெயில்ல நிக்கிறாங்க."

"என் அக்கா மொகத்த நான் பாக்கல. நான் வந்து நின்னப்ப எல்லாரும் கை கழுவிக்கிட்டு இருந்தாங்க. அரை மணி நேரம் மண்ணு காத்திருக்காதா?"

"மண்ணு காத்திருக்கும் மச்சான். மையித்து காத்திருக்காது. அது சித்திரை வெயிலு. நீங்க பாத்துட்டுப் போயிடுவீங்க. அவளை அந்த நெலமையில வச்சிருந்தது நான்."

இறந்தவர் உடலை நாங்கள் மையித்து என்போம். அக்காவைக் குறித்து அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் முதல் முறையாகக் கேட்டது அப்போதுதான். ரயில் போனது, சரக்கு ரயில், நிலக்கரி. கேட் திறந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் அரை மணி நேரம்தான்.

திட்டக்குடிக்குப் பத்தரைக்கு வந்தோம். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், வாழைப்பழம் எல்லாம் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். இதற்குமேல் கடை கிடையாது. அங்கிருந்து மேற்கே பதினான்கு கிலோமீட்டர், கடைசி மூன்று கிலோமீட்டர் மண் சாலை. ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் பாறை உடைக்கும் வண்டி எனக்குப் பின்னாலேயே வந்து நிற்கும். கரிசல் முடிந்து நிலம் லேசாக மேடு தட்டி, மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவில் வேலிக்கருவை அடர்ந்த ஒரு திட்டு தெரியும். அதுதான்.

திட்டில் ஆளுயரத்துக்குக் குறைவான பலகைக் கற்கள் தரையிலிருந்து நேராக எழுந்து நிற்கின்றன. முதலில் பார்ப்பவர் யாரோ நட்டுவைத்தது என்றுதான் நினைப்பார். யாரும் நடவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த எவருக்கும் புரியும்படி சொல்கிறேன். இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது. அதனடியில் எரிமலைக் குழம்பு வழிந்து, தண்ணீர் பட்டதும் மேல்தோல் உறைந்து, தலையணை தலையணையாக அடுக்கிக்கொண்டது. ஓமானில் அந்தத் தலையணைகள் வடிவம் கெடாமல் மலையளவு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவை வயதில் சின்னவை, பத்துக் கோடி வருடம்கூட ஆகவில்லை. இங்கே நடந்தது வேறு. குழம்பு உறைந்து கறுப்புக் கல்லாகி, மேலே மேலே பாரம் ஏறி, இருபது கிலோமீட்டருக்கும் கீழே அமுங்கிப்போனது. அறுநூறு எழுநூறு டிகிரியில் வெந்தது. உருகவில்லை என்பதைக் கவனியுங்கள். கெட்டியாக இருந்தபடியே உள்ளே இருந்த தாதுக்கள் கலைந்து வேறு தாதுக்களாயின. கரும்பச்சை ஊசிகளாக ஹார்ன்பிளெண்டு, நடுநடுவே வெள்ளைப் பொடியாக ஃபெல்ஸ்பார். நெருக்கிய திசைக்குக் குறுக்கே எல்லா ஊசியும் ஒரே பக்கமாகப் படுத்துக்கொண்டன. இதற்கு ஆம்பிபோலைட் என்று பெயர். படுத்துக் கிடந்த அடுக்கு முழுவதையும் பூமி பிறகு செங்குத்தாகத் திருப்பி நிறுத்திவிட்டது. மேலே மூடியிருந்ததெல்லாம் தேய்ந்துபோக, இன்று பலகை பலகையாக நிற்கிறது.

குழம்பு வெளியே வழியாமல் ஆழத்திலேயே உறைந்திருக்கலாமே என்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் வரிசையாகப் போட்டிருந்தார். அவர் இங்கே வந்ததில்லை. வந்து, மூன்றாவது பலகையின் தெற்கு ஓரத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கட்டும். நசுங்கிய முட்டை வடிவங்கள் அடுக்கடுக்காகத் தெரியும், ஒவ்வொன்றுக்கும் கறுத்த விளிம்பு இருக்கும். தலையணை அப்பளமாகிவிட்டது, அவ்வளவுதான். அப்பளத்தைப் பார்த்து மாவு இல்லை என்று சொல்ல முடியுமா?

நான் அந்தத் திட்டுக்கு மூன்றாம் முறையாகப் போகிறேன். முன்பு போனது இரண்டும் கோடைக்காலம். இந்த முறை பலகைகளுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். அடியில் வாடிய பூவும், உடைத்த தேங்காயின் மூடியும். நான் பைக்குள்ளிருந்து சுத்தியலை எடுத்த அதே நேரத்தில் சோளக் கொல்லைக்குள்ளிருந்து ஒரு அம்மாள் ஓடிவந்தார். ஐம்பது வயது இருக்கும். பக்கத்துக் கொல்லைக்காரர், பெயர் பூங்கோதை என்பது பிறகு தெரிந்தது.

"பாய், பாய்! கை வெக்காதீங்க! கன்னிமாரு அது!"

ஏழு கன்னிமார். ஆடிக்குப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்களாம். நான் எண்ணிப் பார்த்தேன், பெரிய பலகைகள் ஏழுதான். என் குறிப்பில் அவற்றுக்கு ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டிருக்கிறேன். இவர்கள் ஏழு பேருக்கும் மஞ்சள் பூசியிருக்கிறார்கள்.

"எதுக்கு ஒடைக்க வந்தீங்க?"

"ஒடைக்க வரலம்மா. கீழ விழுந்த துண்டு இருந்தா எடுத்துக்கலாம்னு வந்தோம்."

"அதான் எதுக்கு?"

எனக்குமுன் மச்சான் பதில் சொன்னார். "எங்க வூட்டு அம்மா தவறிட்டாங்க. சமாதியில நட ரெண்டு கல்லு வேணும். இவுரு அவுங்க தம்பி. கல்லு இங்கேர்ந்துதான் எடுக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்து என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "கல்லு வேணும்னு இந்த ஊருக்கு வந்த மொத ஆளு நீங்கதான். இந்தக் கல்லத் தூக்கிட்டுப் போங்கன்னு நானுல்ல ஊர் ஊராக் கெஞ்சிக்கிட்டு இருக்கன்! கெணறு வெட்டுனப்ப மிசினு வச்சு வாரிப் போட்டது, கொல்லையில கால் ஏக்கரா அடைச்சிக்கினு கெடக்குது. கன்னிமாரத் தொடாதீங்க. அந்தாண்ட வாங்க, குமிச்சு வச்சிருக்கன். எம்மாம் வேணும்னாலும் எடுத்துக்குங்க."

கிணற்றோரம் கிடந்தது அதே கல். வெயில் படாத ஆழத்திலிருந்து வந்ததால் பச்சை இன்னும் தெளிவாக இருந்தது. சந்தேகம் இருக்கக் கூடாது என்று ஒரு துண்டை மீன் எடைபோடும் கொக்கித் தராசில் மாட்டினேன். காற்றில் முந்நூறு கிராம். கிணற்று வாளித் தண்ணீருக்குள் முக்கிப் பிடித்தால் இருநூறு. குறைந்த நூறால் முந்நூறை வகுத்தால் மூன்று. தண்ணீரைப்போல மூன்று மடங்கு கனம். கிரானைட்டாக இருந்தால் இரண்டே முக்காலைக்கூடத் தாண்டாது. இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம், பட்டம் தேவையில்லை.

எனக்கு இரண்டு பலகைகள் வேண்டும். தலைமாட்டுக்கு ஒன்று, கால்மாட்டுக்கு ஒன்று. குவியலில் பலகை வடிவில் பத்துப் பதினைந்து இருந்தன. ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல கல் வெண்கலம்போல ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் ஓட்டுச்சட்டியைத் தட்டியதுபோல் செத்த சத்தம் வரும். கிணற்றுக்கு வெடி வைத்திருக்கிறார்கள். அதன் அதிர்ச்சியில், ஊசிகள் படுத்த திசையிலேயே கண்ணுக்குத் தெரியாமல் பிளந்துபோயிருக்கிறது. அப்படிப்பட்ட கல்லை நட்டால் நாலு மழையில் ஏடு ஏடாகக் கழன்றுவிடும். மதியம் ஒரு மணிவரை தட்டினேன். மச்சான் வேப்பமர நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் இரண்டு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒவ்வொரு கல்லையும் எழுப்பி எழுப்பிக் கேக்குறாரே, எதுனா பதில் சொல்லுதா?" என்று மச்சானிடம் கேட்டார்.

"எல்லாம் வாய மூடிக்கிட்டு இருக்குதும்மா. அவர்கிட்டப் பேசி ஜெயிக்க முடியாதுன்னு அதுக்கும் தெரியும்."

அந்த நேரத்துக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையும் தோளும் ஓய்ந்துவிட்டன. ஒலித்தது ஒரே ஒரு பலகைதான். மூன்றடி நீளம், ஓரடி அகலம், நாலு அங்குலக் கனம். கிட்டத்தட்ட ஒரு கன அடி, அதாவது எண்பத்தைந்து கிலோ. இரண்டாவது கல் அந்தக் குவியலில் இல்லை. நின்றிருந்த ஏழு பேரைத் திரும்பிப் பார்த்தேன், அது உண்மை. ஆனால் கேட்கவில்லை. ஒருவர் கபருக்காக இன்னொருவர் சாமியைக் கேட்பதற்கு அக்காவும் சம்மதிக்கமாட்டாள்.

நானும் செல்வமணியும் தூக்கிப் பார்த்தோம். அசைந்தது, எழவில்லை. மச்சான் எழுந்து வந்தார். நாற்பது வருடம் அரிசி மண்டி நடத்தியவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தூக்காதீங்க, இடுப்பு போயிடும். அடியில ரெண்டு கழி குடுத்து உருட்டு" என்றார். பூங்கோதை அம்மாள் வேலியிலிருந்து கழி உருவிக்கொடுத்தார். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. "மிச்சத்தையும் எடுத்துக்கிட்டுப் போனீங்கன்னா நான் காசு குடுக்குறன்" என்றார்.

திரும்பும்போது மச்சான் முன்னிருக்கைக்கு வரவில்லை. பின்னால் கல்லுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டார். வெயிலில் ஏன் என்று கேட்டேன். நானாகப் பேசிய முதல் பேச்சு அது.

"வளைவுல போயி இடிச்சிச்சுன்னா ஒடைஞ்சிடும். அப்புறம் அதுக்கும் என்னத்தான் சொல்லுவீங்க."

விருத்தாசலம் வரும்வரை நான் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி வந்தேன். அந்த மனிதர் ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்தொன்பது வயது. விருத்தாசலத்தில் நிறுத்தி, முன்னால் வரச் சொன்னேன். வரவில்லை. டீயை மட்டும் வாங்கிக் குடித்தார். பிடிவாதம் என்று என்னை மட்டும் சொல்கிறார்கள்.

மையவாடிக்கு ஐந்து மணிக்கு வந்தோம். அக்காவின் கபர் மேடு பாதியாகத் தாழ்ந்திருந்தது. இடத்தைப் பார்த்துக்கொள்பவர் கடப்பாரை கொண்டுவந்தார். நான் தலைமாட்டுப் பக்கம், அதாவது வடக்கே போய் நின்று, குழியை இங்கே எடுங்கள் என்றேன்.

"தலமாட்டுக்கு என் கல்லு வருது" என்றார் மச்சான்.

"உங்க கல்லு கால்மாட்டுக்குப் போவட்டும்."

"பேரு எழுதின கல்ல யாராவது காலுகிட்ட வைப்பாங்களா? சலாம் சொல்லி உள்ள வர்றவன் தலமாட்டத்தான் பாப்பான்."

"நான் காலையிலேர்ந்து அலைஞ்சு எடுத்தாந்தது தலைமாட்டுக்குத்தான்."

"நீங்க மட்டுமா அலைஞ்சீங்க?"

கடப்பாரைக்காரர் ஒருமுறை அவரையும் ஒருமுறை என்னையும் பார்த்தார். செல்வமணி வண்டியில் சாய்ந்துகொண்டு, மணியைப் பார்த்தார். அந்தித் தொழுகையான மஃரிபுக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. மச்சான் மேட்டின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து கையால் மண்ணைத் தட்டிச் சரிசெய்தார். நிமிராமலே சொன்னார்.

"மச்சான், ஒங்கம்மா மவுத்தானப்ப ஒங்களுக்கு என்ன வயசு?"

"மூணு."

"வளத்தது யாரு?"

அக்காவுக்கு அப்போது பத்து வயது.

"தாயோட காலடியில சொர்க்கம்னு படிச்சவரு நீங்க. ஊருக்கெல்லாம் அத எடுத்துச் சொல்றீங்க. ஒங்களுக்குத் தாயி அவதான். அந்தக் காலடி என்னுது இல்ல, எம்மவனுது, ஒங்களுது. அவன் இங்க இல்ல. நீங்க இருக்கீங்க. நான் அந்த எடத்துல கல்லு வெக்க மாட்டேன்."

அரிசி வியாபாரியிடம் பேரம் பேசக் கூடாது. கால்மாட்டில் குழி எடுத்தார்கள். ஒன்றேகால் அடி ஆழம். கல் தன் ஊர் மண்ணுக்குள் எப்படி நின்றிருந்ததோ அப்படியே நிற்க வேண்டும், ஊசிகளின் வரி மேலும் கீழுமாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். மச்சான் குனிந்து வரியைப் பார்த்து, "இப்பிடியா, இப்பிடியா" என்று இரண்டு முறை கேட்டுத் திருப்பிவைத்தார். மண்ணைப் போட்டுக் காலால் மிதித்தோம். பிறகு ஓதினோம். அரை மணி நேரத்தைப் பற்றி அன்று அதற்குமேல் பேச்சு வரவில்லை. அது தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை போங்கள். கோடையில் அங்கே நிழல் இல்லை, ஐப்பசி கார்த்திகையில் மண் சாலையில் வண்டி இறங்கிவிடும். பேருந்தில் போனால் கடலூரிலிருந்து விருத்தாசலம், அங்கிருந்து திட்டக்குடி, பிறகு ஆட்டோ. போகவர நாள் முழுக்க ஆகும். நிற்கும் கல்லில் சுத்தியல் வைக்காதீர்கள், பார்க்க வேண்டியதெல்லாம் உதிர்ந்த துண்டிலேயே இருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், தண்ணீர், கொக்கித் தராசு, இந்த மூன்றும் போதும். மஞ்சள் பூசியிருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போங்கள். கொல்லைக்காரர் யார் என்று விசாரித்து அவரிடம் கேட்காமல் ஒரு துண்டையும் எடுக்காதீர்கள். உருமாறிய கல்லைத் தேடுபவர்கள் நிறத்தைப் பார்க்காதீர்கள், வரியைப் பாருங்கள். எல்லாத் துகளும் ஒரு பக்கமாகப் படுத்திருந்தால் அது நெருக்கப்பட்ட கல். திசையில்லாமல் கலைந்து கிடந்தால் உறைந்தபடியே இருக்கும் கல்.

அந்த வாரம் சனிக்கிழமை கடைக்காரர்கள் வந்து தலைமாட்டுக் கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். நான் அடுத்த நாள் தனியாகப் போனேன். அக்காவின் பெயர் தமிழில் நன்றாகத்தான் வெட்டியிருந்தார்கள். மெருகேற்றாத பின்பக்கத்தில் லென்ஸை வைத்துப் பார்த்தேன். கிரானைட் என்று விற்றது கிரானைட் இல்லை. டோலரைட். பூமி பிளந்த இடுக்கில் ஏறி, வெளியே வராமல் அங்கேயே உறைந்துபோன எரிமலைக் குழம்பு. துகள்கள் திசையில்லாமல் கிடந்தன. யாரும் அதை அழுத்தவில்லை, வேகவைக்கவில்லை. என் கல்லும் பிறந்தபோது இதே வகைக் குழம்புதான். வயதும் பட்டபாடும்தான் வேறு. இதை மச்சானிடம் நான் சொல்லவில்லை. சொன்னால், நானும் அதே கல்லைத்தானே வாங்கினேன் என்று சாகும்வரை சொல்லிக்காட்டுவார்.